அரிசி டின்னில் பதினெட்டுப் பாட்டு

இயேசு மரி சூசை துணை
அஜ்மான்
4 அக்டோபர் 2024

எனக்க மக்கா ஷாஜினிக்கு,

சித்தி சுகிர்தராணி எழுதுதேன். மாதா கிருபையில முட்டுவலியத் தவிர ஒரு குறையும் இல்ல. உனக்கு வாந்தி நின்னுதா? காலு வீங்குதா? அரபுநாட்டு அந்தக் கோடியில, ருவைஸ்ல சூடு குறைஞ்சுதா? ஜெகின் மாப்பிள்ளைக்கு பிளாண்டுல ஷிப்டு மாறிச்சா? எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணா பதில் எழுதணும். போன்ல கேட்டா "ம்"ன்னு ஒரே எழுத்துல முடிச்சிருவே. நீ ஆஸ்டல்ல படிச்ச காலத்துலேருந்து நான் காயிதம் எழுதுதது அதுக்குத்தான். காயிதத்துல வெறும் "ம்" எழுத முடியாதுல்லா.

இது கிளிட்டஸுக்க மீன் வண்டியில வருது. வியாழக்கிழமை தோறும் அவன் அங்கோட்டு மெஸ்சுகளுக்கு மீன் கொண்டுவாற வண்டிதான். கூட நெத்திலிக் கருவாடு வச்சிருக்கேன். காயிதம் மணத்தா கருவாட்டைச் சொல்லு, என்னைச் சொல்லாதே. இங்க எனக்கு மெஸ்ல இருபத்திரெண்டு பேருக்கு ஆக்கணும். நேத்து சாம்பாருல உப்பு கூடிப்போச்சுன்னு ஒருத்தன் மூஞ்சியத் தூக்கினான். "உனக்க பெஞ்சாதி கையில தின்னு பாருடே, அப்பத் தெரியும்"ன்னேன். அவனுக்குக் கல்யாணமே ஆகல்லியாம்.

ஒரு காரியம் கேக்கணும். போன ஞாயித்துக்கிழமை நீ பேசும்போ பின்னால ஒரு பாட்டு கேட்டுது. பிடிலு அழுத மாதிரி. என்னதுன்னு கேட்டேன். "நோரா சிஸ்டர் குடுத்த சிடி சித்தி"ன்னே. அந்த ஒரு போன்ல நோரா பேரு ஏழு தடவ வந்துது. எண்ணினேன். எனக்க பேரு ஒரு தடவ வந்துது, "வச்சிரட்டா சித்தி"ன்னு.

நம்ம கடற்கரைத் துறையில மூத்த பிள்ளைக்கு ஞானத்தாயா நிக்கது தாய் வழிக்காரியாக்கும். உனக்க அம்மை, எனக்க அக்கா, கண்ண மூடினப்ப உனக்கு நாலு வயசு. எனக்குன்னு வேற பிள்ளையும் இல்ல. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைய ஏந்திட்டு நிக்க சந்தனக் கலர்ல ஒரு சேலையும் எடுத்து வச்சாச்சு. தேதிதான் நீ சொல்லணும்.

செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியாருக்கு உனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துதேன்.

உன்னை நெஞ்சுல வச்சிருக்க சித்தி


ருவைஸ்
13 அக்டோபர் 2024

அன்புள்ள சித்திக்கு,

வாந்தி நின்றுவிட்டது. கால் வீங்கவில்லை. சூடு குறைந்திருக்கிறது. அவருக்கு இந்த மாதம் பகல் ஷிப்ட். ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். கருவாடு வறுத்ததும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்தார் என்று பயந்தேன். கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நோரா எங்கள் வார்டின் மூத்த நர்ஸ். அயர்லாந்துக்காரர். அவர் காரில்தான் தினமும் டூட்டிக்குப் போகிறேன். பழைய கார், சிடி போட்டால்தான் பாடும். அவரிடம் இருப்பதும் ஒரே சிடிதான். அவர் ஊர் நாட்டுப்பாட்டுக் குழு ஒன்று முப்பது வருடமாகப் பாடியதில் மிகச் சிறந்த பதினெட்டைப் பொறுக்கிச் சேர்த்தது. பாதிப் பாட்டு கப்பலேறிப் போனவன் பாட்டு, மீதிப் பாதி குடித்தவன் பாட்டு என்று நோரா சொல்லிச் சிரிப்பார். முதலில் எனக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தது. இப்போது காரில் ஏறியதும் நானே போடுகிறேன். ஏழாவது பாட்டு வரும்போது நோரா ஏசியை நிறுத்திவிடுவார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை, கேட்டால் உங்களுக்குத் தெரியும். அதனால் நோராவிடம் கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறேன். கிளிட்டஸ் அண்ணன் வண்டியில் சிடி போடலாம். ஒரு வாரம் கேட்டுவிட்டு அடுத்த வியாழன் கொடுத்துவிடுங்கள். பத்திரம் சித்தி.

குட்டி உதைக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது பாட்டுக்கு அதிகம் உதைக்கிறது.

முட்டிக்கு எண்ணெய் தேய்க்க மறக்காத சித்தியாக இருக்க வேண்டும்,
ஷாஜினி


இயேசு மரி சூசை துணை
அஜ்மான்
25 அக்டோபர் 2024

மக்கா ஷாஜினி,

முட்டுக்கு எண்ணெய் தேச்சாச்சு. நீ இரும்பு மாத்திரை ஒழுங்கா முழுங்குதியா? பேரீச்சம்பழம் தின்னு, ஆனா மூணுக்கு மேல திங்காதே.

நீ அனுப்பின சாமானம் கேட்டேன். அட்டையில நாலு தாடிக்காரனும் ஒரு பொம்பளையும் மழையில நனைஞ்சிட்டு பாறை மேல நிக்காவ. ஒரு குடை வாங்க வக்கில்லாதவனுவளுக்க பாட்டான்னு நெனச்சேன். மீன் மார்க்கெட்ல கிளிட்டஸ் ஐஸ் வாரிட்டு நிக்கும்போ வண்டிக்குள்ள இருந்து போட்டுக் கேட்டேன். முதல் பாட்டுல பிடிலு கல்யாண வீட்டுக்குப் பிந்தி வந்தவன் மாதிரி ஓடுது. மூணாவதுல ஒருத்தன் ஆட்டுத்தோல் மத்தளத்தப் போட்டு அடிக்கான். கிளிட்டஸ் ஐஸ் சட்டியோட ஆடுதான்.

"சித்தி, இது நம்ம கோயில் கொடியேத்தத்துக்கு அடிக்க அடியில்லா?"

"வாய மூடிட்டு ஐஸ வாருல."

"நீங்களும் காலாட்டுதீயளே?"

"அது முட்டுவலி."

ஏழாவது பாட்டு என்னமோன்னு எழுதியிருந்தே. அந்தப் பொம்பளை ஒரு கொட்டும் குழலும் இல்லாம தனியா நிண்ணு பாடுதா. எனக்கு ஒண்ணும் விசேசமா தெரியல்ல. தொண்டை கட்டியிருக்கு போல.

பின்னே ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதே. முப்பது வருசப் பாட்டுல நல்ல பதினெட்டா பொறுக்கி வச்சா நல்லாத்தான் இருக்கும். நெய்மீன்ல நடுத்துண்டமா பாத்துப் பொறுக்கினா யாரு வச்சாலும் கறி ருசிக்கும். தலையும் வாலும் முள்ளும் எங்க போச்சு? அந்தத் தாடிக்காரனுவ பாடிப் பாழாக்கின பாட்டெல்லாம் எங்க? உனக்க நோரா சிஸ்டரும் அப்படித்தான் மக்கா. காருல கூட்டிட்டுப் போறா, பாட்டு போடுதா, சிரிக்கா. எல்லாம் நடுத்துண்டம். உனக்குப் பேன் பாத்ததும், கணக்குல நீ தோத்தப்ப ஆஸ்டல் சிஸ்டர்மாருட்ட ஏச்சு வாங்கினதும் நானாக்கும். நான் தலையும் முள்ளும்.

ஞானத்தாய் காரியத்துக்கு நீ பதில் எழுதல்ல. மறந்திருப்பே.

சிடி இன்னும் ரெண்டு வாரம் இருக்கட்டு. சரியாக் கேக்கல்ல.

கறி கருகுதுக்கு முன்னே நிறுத்துதேன்,
சித்தி


ருவைஸ்
10 நவம்பர் 2024

அன்புள்ள சித்திக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். பேரீச்சம்பழம் மூன்றோடு நிறுத்திவிட்டேன், இரண்டு நாள் தவிர. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது.

நோரா சிடியைக் கேட்டார். கார் மிகவும் அமைதியாக இருக்கிறதாம். அடுத்த வியாழன் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் எப்படி வரும் என்று தெரியாததால், பிரசவ நேரத்தில் தான் கூட இருப்பதாக நோரா சொல்லியிருக்கிறார். அவரும் நம் கத்தோலிக்க சபைதான். நோராவையே ஞானத்தாயாக நிற்கச் சொல்லலாம் என்று வீட்டுக்காரரும் நானும் பேசிக்கொண்டோம். உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் ஷாஜினி


அஜ்மான்
15 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய ஷாஜினி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு நலம். தங்கள் நலமும் மாப்பிள்ளை நலமும் நோரா அம்மாள் நலமும் அறிய ஆவல்.

வருத்தம் ஒன்றும் இல்லை. யாருக்கு வருத்தம்?

இந்தப் பாஷையில எழுதி எனக்குக் கை வலிக்குது. சிடிய நான் போன வாரமே கிளிட்டஸ் வண்டியில வச்சு விட்டாச்சு. ஐஸ் பெட்டிக்கு அடியில. வரல்லியா? அவன் எங்க போட்டானோ. வண்டின்னா நூறு சாமானம் ஏறும், எறங்கும்.

சேலைய அலமாரிக்க அடியில வச்சாச்சு.

சுகிர்தராணி


ருவைஸ்
2 டிசம்பர் 2024

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே காற்று மாறிவிட்டது. மாலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

சிடி வரவில்லை. கிளிட்டஸ் அண்ணன் வண்டியின் சீட்டைக் கழற்றித் தேடினார். ஐஸ் பெட்டியை எல்லாம் இறக்கிக் கழுவினார். "என் கையில் சித்தி தரவே இல்லை" என்று சொன்னவர், பிறகு "தந்திருப்பாங்க, நான்தான் தொலைச்சிருப்பேன்" என்றார். பாவமாக இருந்தது.

நோரா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஊரிலும் காணாமல் போன பொருளுக்கு அந்தோணியாரைத்தான் கேட்பார்களாம். தினமும் கேட்கிறார். உங்களுக்கு செவ்வாய்க்கிழமை நவநாள் உண்டே, நீங்களும் அவருக்காகக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் கிடைக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஷாஜினி


இயேசு மரி சூசை துணை
அஜ்மான்
20 டிசம்பர் 2024

மக்கா ஷாஜினி,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பாலன் பிறப்பு வாழ்த்து. இங்க சுகம்தான். தலைவலி மட்டும் வருது, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வருது. அதனால நவநாளுக்கு ரெண்டு வாரமா போகல்ல. அந்தோணியாரு கோச்சுக்கிட மாட்டாரு.

முந்திரிக்கொத்துப் பலகாரம் அம்பது அனுப்பியிருக்கேன். மெஸ்ல ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் புதுசா வந்திருக்காரு, மகேசன்னு பேரு. நான் வச்ச புளிமுளத்தக் குடிச்சிட்டு "அக்கா, இது மீன் குழம்பில்ல, மருந்து"ன்னாரு. புகழ்ச்சியா, குறையான்னு இன்னும் விளங்கல்ல. எடையெல்லாம் ஏறுதா? இடப்பக்கம் சரிஞ்சு படு. கோயில்ல குடில் கட்டியாச்சு. இந்த வருசம் ஒட்டகம் மூணும் புதுசு, ஆனா ஒண்ணுக்குக் காது இல்ல. ஊருக்குப் போன ஒருத்தன் மெஸ்ல ஒரு பழைய பாட்டுப்பெட்டிய விட்டுட்டுப் போனான், அது அடுக்களையில கெடக்குது, சும்மா கெடக்குது.

ஒரு சந்தேகம். அந்தப் பன்னெண்டாவது பாட்டுல ஒருத்தன் கூப்பிட்டுக் கேட்ட மாதிரி ஒரு வரி பாடுதான். மத்தவனுவ எல்லாரும் சேர்ந்து ஒரே வார்த்தைய பதிலாச் சொல்லுதானுவ. மூணு தடவ சொல்லுதானுவ. நாலாவது தடவ அவன் கேக்கும்போ ஒருத்தனும் வாய தெறக்கல்ல, மத்தளம் மட்டும் ஒரு அடி. அது என்னதுன்னு உனக்குத் தெரியுமா? சும்மா, கறி கிண்டும்போ ஞாபகம் வந்துது.

முந்திரிக்கொத்த யாருக்கும் குடு, எனக்கென்ன.

சித்தி


ருவைஸ்
14 ஜனவரி 2025

அன்புள்ள சித்திக்கு,

முந்திரிக்கொத்தில் இருபது நோராவுக்குக் கொடுத்தேன். இடப்பக்கம்தான் படுக்கிறேன். கிறிஸ்துமஸ் பூசையில் நீங்கள் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கிளிட்டஸ் அண்ணன் சொன்னார். உடம்புக்கு என்ன?

பன்னிரண்டாவது பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாலாவது தடவை யாரும் பதில் சொல்லாததை நான் கவனித்ததே இல்லை, எத்தனையோ நாள் கேட்டும். நோராவிடம் கேட்டேன். கரையில் நிற்கிற ஒருவன் படகில் போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறானாம். "வந்தாச்சு" என்று மற்றவர்கள் சொல்கிறார்களாம். நாலாவது பெயருக்குப் பதில் இல்லை.

அதைச் சொன்ன மறுநாள் நோராவின் அம்மா ஊரில் இறந்துவிட்டார். நோரா போயிருக்கிறார், மூன்று வாரத்தில் வந்துவிடுவார். விமான நிலையத்துக்குப் போகும்போதுதான் சொன்னார், அந்த சிடியை இருபது வருடம் முன்பு தபாலில் அனுப்பியது அவருடைய அம்மாவாம். உள்ளட்டையில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருக்குமாம். "பாட்டின் மேல் ஏறி வீட்டுக்கு வா, டிக்கெட் வேண்டாம்" என்று. அம்மாவின் கையெழுத்து நோராவிடம் வேறெதிலும் இல்லையாம்.

இங்கே சாமியாரைப் பார்த்தோம். ஞானத்தாயாக யார் நின்றாலும் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கியிருக்க வேண்டும் என்றார். உங்களுக்கும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஷாஜினி


ருவைஸ்
28 பிப்ரவரி 2025

சித்தி,

உங்களிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. போன் எடுத்தாலும் "கறி அடுப்புல" என்று வைத்துவிடுகிறீர்கள். இப்போது "ம்" சொல்கிறவர் யார்?

24ஆம் தேதி காலையில் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். சுபிஷா என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் நலம். நோரா கூட இருந்தார். உங்களுக்கு முட்டுவலி, நான்கு மணி நேரம் வண்டியில் உட்கார முடியாது என்று சொன்னீர்கள். வலி கூடும்போது நோராவின் கையைத்தான் பிடித்தேன். வாயில் உங்கள் பெயர்தான் வந்தது.

ஷாஜினி


இயேசு மரி சூசை துணை
அஜ்மான்
20 மார்ச் 2025

எனக்க மக்கா, எனக்க தங்கமே,

நீ சுகமா? பிள்ளை பால் குடிக்குதா? ராசாத்திக்கு மூக்கு யாரு மாதிரி? வயித்துல துணி இறுக்கிக் கட்டு. இதெல்லாம் கேக்க எனக்கு யோக்கியத இல்ல, ஆனாலும் கேக்கேன்.

இந்தக் காயிதத்தோட ஒரு பொதி இருக்கும். மூணு பாலித்தீன் சுத்தியிருக்கேன். பிரிச்சுப் பாரு, அதுதான். கிளிட்டஸ் தொலைக்கல்ல. அவனுக்க கையில நான் குடுக்கவே இல்ல. நவம்பர் மாசத்துலேருந்து எனக்க அரிசி டின்னுல இருந்துது. அரிசி அள்ளுதப்ப எல்லாம் கையில தட்டுபடும்.

உனக்க காயிதம் வந்த அன்னைக்கு, அந்த ஞானத்தாய் காயிதம், அத மடிச்சு வச்சிட்டு சிடிய எடுத்து டின்னுக்குள்ள அரிசிக்கு அடியில தாத்தேன். எனக்க பிள்ளைய அவ எடுத்துட்டா, அவளுக்க பாட்ட நான் எடுத்தேன். இதுதான் கணக்கு. ஒளிச்சு வச்சவ சும்மா இருந்திருக்கணும். எனக்குத் தாங்கல்ல. மெஸ்காரனுவ டூட்டிக்குப் போன பெறகு அந்தப் பழைய பெட்டியில போடுவேன். அரிசிமாவத் தொடச்சிட்டுப் போடுவேன். ஒரு வார்த்தை விளங்காது. அவ பாட்டுல எனக்கென்ன வேலைன்னு நெனப்பேன். நெனச்சிட்டே இன்னொரு தடவ போடுவேன்.

பன்னெண்டாவது பாட்டுக்கு நீ எழுதின அர்த்தம் எனக்கு முன்னாலயே தெரியும் மக்கா. பாஷை தெரியாமலே தெரியும். உனக்க சித்தப்பா போன வள்ளத்துல நாலு பேரு போனாவ. கடற்கரையில நிண்ணு கோயில் உபதேசியாரு ஒவ்வொரு பேரா கூப்பிட்டாரு. மூணு பேரு சத்தம் குடுத்தாவ. உனக்கு அப்ப ஏழு வயசு, எனக்க சேலைத் தும்பப் பிடிச்சிட்டு நிண்ணே. உனக்கு ஓர்மை இருக்காது. நான் அத ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல. அந்தத் தாடிக்காரனுவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தாவ?

அந்தப் பாட்டு அவளுக்குள்ளதுன்னு நெனைக்க நெனைக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. இது எனக்குத்தானே பாடியிருக்கணும்?

ஜனவரியில அவளுக்க அம்மை செத்த காயிதம் வந்துது. உள்ளட்டைய எடுத்துட்டு மகேசன்ட்ட போனேன். "கையெழுத்து கூட்டெழுத்தாக் கிடக்கு அக்கா"ன்னு கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டு வாசிச்சாரு. நீ எழுதினதேதான். அன்னைக்கே அனுப்பியிருக்கணும். அனுப்பினா கள்ளின்னு ஆவேன். கள்ளிய எந்தக் கோயில்ல ஞானத்தாயா நிறுத்துவாவ? அந்த வெக்கத்துல நாள் போச்சு. பிள்ளை பெறதுக்கு வராம இருந்ததும் முட்டுவலியால இல்ல. அவளுக்க முகத்தப் பாக்க முடியாதுன்னுதான்.

போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிஞ்சு பாவசங்கீர்த்தனத்துல போய் முழங்கால் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். சாமியார் கேட்டாரு, "பொருள் இப்ப எங்கம்மா?"

"அரிசி டின்னுல, சாமி."

"இன்னுமா?"

"நல்லா மூடித்தான் வச்சிருக்கேன், சாமி."

அவரு ஒரு இருமல் இருமினாரு. சிரிச்சாரோ என்னமோ, வலைக்குப் பின்னால தெரியல்ல. பெறகு, "திருப்பிக் குடு. அந்த வண்டிக்காரன்ட்ட மன்னிப்பு கேளு. அதுக்குப் பெறகு நன்மை வாங்கு"ன்னாரு. கிளிட்டஸ்ட்ட கேட்டாச்சு. அவன் சீட்டக் கழத்தினதுல ஒரு நட்டு இன்னும் சேரல்லியாம். "எனக்கு அன்னைக்கே தெரியும் சித்தி, உங்க அடுக்களை ஜன்னல்ல பாட்டு கேட்டுட்டுத்தான் மீன் எறக்குவேன்"ன்னான். அவனுக்கு ஒரு மாசத்துக்கு மீன் பொரிச்சுக் குடுக்கதா சொல்லியிருக்கேன்.

நோராவே ஞானத்தாயா நிக்கட்டு. அதுக்கு நான் வாய தெறக்க மாட்டேன். அவட்ட நீ என்னத்தச் சொன்னாலும் சரி.

இதுக்கு நீ பதில் எழுதலேன்னாலும் எனக்கு விளங்கும்,
சித்தி


ருவைஸ்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள சித்திக்கு,

சுபிஷா நன்றாகப் பால் குடிக்கிறாள். மூக்கு அவர் மாதிரி. கோபம் உங்கள் மாதிரி.

எனக்கு டிசம்பரிலேயே தெரியும். நவம்பரிலேயே திருப்பி அனுப்பியவருக்கு நாலாவது தடவை மத்தளம் ஒரு அடி என்று ஞாபகம் இருக்காது சித்தி. நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்துவிட்டேன். நோராவின் அம்மா இறந்த பிறகாவது நேரே கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு.

சித்தப்பாவின் வள்ளம் எனக்கு நினைவில்லை. ஆனால் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றது நினைவிருக்கிறது. எதற்கு நின்றோம் என்று இப்போதுதான் தெரிகிறது.

நோராவிடம் கொடுத்தேன். அந்தோணியார் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று சொன்னேன். உள்ளட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "இது ஏன் பிரியாணி மாதிரி மணக்கிறது?" என்று கேட்டார்.

மே 4ஆம் தேதி ஞானஸ்நானம். நோராதான் ஏந்துகிறார். கேட்டுவிட்டோம், மாற்றமாட்டேன். ஜூனில் அவருக்குக் கான்ட்ராக்ட் முடிகிறது, ஊருக்கே போய்விடுவார். ஞானத்தாய் ஒரு நாள் ஏந்தினால் போதும். எனக்கு இம்மாத முடிவில் டூட்டி தொடங்குகிறது. தினமும் ஏந்துவதற்கு ஆள் வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரையும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. மெஸ்ஸில் லீவு சொல்லுங்கள். இருபத்திரண்டு பேரும் பட்டினி கிடந்தால் கிடக்கட்டும்.

சந்தனக் கலர் சேலையைக் கொண்டுவாருங்கள். தலையையும் முள்ளையும் கொண்டுவாருங்கள்.

ஷாஜினி


இயேசு மரி சூசை துணை
ருவைஸ்
10 ஜூலை 2025

நோரா அக்காவுக்கு,

என்னைவிட ரெண்டு வயசு மூத்தவளா இருக்கதால அக்கான்னு எழுதுதேன், வேற ஒண்ணுக்கும் இல்ல. கோயில்ல உன்னைப் பாத்ததும் திகைச்சுப் போனேன். தலை நரைச்சு, முட்டுக்குப் பட்டை போட்டுட்டு வாறே. நான் ஏதோ சினிமாக்காரி மாதிரி நெனச்சு எட்டு மாசம் வயிறு எரிஞ்சது வீணாப் போச்சு.

நீ ஊர் போய்ச் சேர்ந்ததும், அம்மைக்க கல்லறையில பூ வச்சதும் ஷாஜினி சொன்னா. அங்க மழையாமே. குடை பிடிச்சுட்டு நட. இங்க சூட்டுல காக்கா பறக்கல்ல. ஷாஜினி சுகம், மாப்பிள்ளை சுகம். நம்ம சுபிஷா கவுந்து விழுதா.

ஷாஜினி இத இங்கிலீஷ்ல மாத்தி வாசிப்பா. இனி எழுதுதத ஒரு வரி விடாம வாசிக்கணும். நான் பக்கத்துலதான் இருப்பேன், அவ எங்க முழுங்குதான்னு முகத்தப் பாத்தா தெரியும்.

உனக்க சிடிய அந்தோணியாரு கண்டுபிடிக்கல்ல. தொலைஞ்சாத்தானே அவரு கண்டுபிடிக்க? எனக்க அரிசி டின்னுல நான் ஒளிச்சு வச்சிருந்தேன், பொறாமையில. உனக்க அம்மை செத்தப்ப அந்த எழுத்து உனக்க கையில இல்லாமப் போனது என்னாலயாக்கும். நீ வீணா அவருக்கு மெழுகுதிரி கொளுத்தினே. அந்தக் கடனுக்கு நான் ஒன்பது செவ்வாய் உனக்க அம்மைக்குப் பேர் சொல்லி செபிச்சாச்சு. ஞானஸ்நானத்தன்னைக்கே சொல்ல வந்தேன். நீ என்னைக் கட்டிப் பிடிச்சதுல வாய் அடைச்சுப் போச்சு. மன்னிக்கணும்.

போகும்போ சிடிய பிள்ளைக்குக் குடுத்துட்டு, உள்ளட்டைய மட்டும் கொண்டு போனே. அது நியாயம். தினமும் போடுதேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. ஏழாவது பாட்டு சிடியில ஓடினா உனக்க ஞானப்பிள்ளை கண்ண உருட்டி உருட்டிக் கேக்கா, தூங்கமாட்டேங்கா. அதே பாட்ட நான் மடியில போட்டு, எனக்குத் தெரிஞ்ச மாதா பேரையெல்லாம் வார்த்தையா சேர்த்துப் பாடினா ரெண்டாவது வரியில தூங்கிப் போறா. தொண்டை கட்டின குரல்தான் அவளுக்குப் பிடிக்கும் போல.

இத வாசிச்சு உனக்குக் கொறச்சு வயிறு எரியும். எரிஞ்சா அந்தோணியார்ட்ட சொல்லு. அவருக்கு இதெல்லாம் பழக்கமாக்கும்.

அடுத்த முந்திரிக்கொத்து தபால்ல வரும்,
உனக்க தங்கச்சி
சுகிர்தராணி